பழைய 911, புதிய உடல்: எதற்கு விலை?

1963-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட போர்ஷே 911, அறுபது ஆண்டுகள் கடந்தும் அதே சாயலில் ஓடுகிறது. எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கும். பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்திருக்கும். 1998 வரை அந்த எஞ்சினைக் குளிர்வித்தது காற்றும் எண்ணெயும்தான், தண்ணீர் அல்ல. அந்தக் கரகரத்த ஓசையை விட மனமில்லாதவர்களை நம்பி ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. பழைய காரை வெறும் கூடாகும்வரை பிரித்து, இன்றைய பாகங்களையும் நுட்பத்தையும் சேர்த்து மறுபடி கட்டுகிறார்கள். ரெஸ்டோமாட் என்பது அதன் பெயர். கைத்தொழில் என்ற அளவில் இது போற்றத்தக்கது. பழமையைப் பாதுகாக்கும் பணி என்ற அளவில் ஐயத்துக்குரியது. விலை சொல்லும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் சிக்கல்.

இத்துறையில் அதிகம் பேசப்படும் பெயர் கலிஃபோர்னியாவின் சிங்கர். கேத்தரின் வீல் என்ற ஆங்கில ராக் குழுவில் பாடகராக இருந்த ராப் டிக்கின்சன் 2009-இல் தொடங்கிய நிறுவனம் இது. அவர்கள் கையில் எடுப்பது 964 என்ற குறியெண் கொண்ட, 1989 முதல் 1994 வரை வந்த 911. வாடிக்கையாளர் கொண்டுவரும் காரை முழுதாகப் பிரித்து, கூட்டில் துருவும் விரிசலும் பார்த்து, தேவையான இடங்களில் வலுவூட்டுகிறார்கள். கதவுகள் எஃகாகவே இருக்க, மற்ற வெளிப்பாகங்கள் பெரும்பாலும் கார்பன் ஃபைபராக மாறுகின்றன. பழைய பந்தயக் கார்கள் சிலவற்றில் இருந்ததுபோல், பெட்ரோல் மூடி முன்பக்க பானட்டின் நடுவே வந்து உட்காருகிறது. உள்ளே பின்னல் வேலைப்பாடுள்ள தோல் உறை. ஒரு காருக்கு ஏறத்தாழ 4,000 மணி நேர உழைப்பு என்று சொல்லப்படுகிறது.

இந்த உழைப்பின் பலனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 964 காரெராவின் 3.6 லிட்டர் எஞ்சின் தந்தது சுமார் 250 குதிரைத்திறன். வில்லியம்ஸ் பொறியியல் நிறுவனத்தோடு சேர்ந்து சிங்கர் உருவாக்கிய டி.எல்.எஸ். வரிசையில் அதே காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் 4 லிட்டராகப் பெருத்து, டர்போ இல்லாமலேயே 500 குதிரைத்திறன் தருகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போகிறது. போர்ஷேயின் பந்தய எஞ்சின்களை வடிவமைத்த ஹான்ஸ் மெட்ஸ்கர் அதற்கு ஆலோசகராக இருந்தார். உலோகத் தகட்டை வளைக்கும் கை, தோல் தைக்கும் கை, எஞ்சினை நூலளவு பிசகாமல் கோக்கும் கை எல்லாவற்றுக்கும் இங்கே வேலை இருக்கிறது, நியாயமான கூலியும் இருக்கிறது. பெருந்தொழிற்சாலைகள் கைவிட்ட திறமைகள் இத்தகைய பட்டறைகளில்தான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இன்னொன்று, நல்ல பிரேக்கும் நம்பகமான மின்வயரிங்கும் இருப்பதால் இந்தக் கார்களைப் பயமின்றி ஓட்டலாம். கூடத்தில் துணி போர்த்தி நிற்பதைவிட ஒரு காருக்கு அது எவ்வளவோ மேல்.

குறைகளும் சிறியவை அல்ல. முதல் குறை, 964-க்கு அதற்கென்று ஒரு முகம் இருந்தது. உடலோடு ஒட்டிய பம்பர்கள், வேகம் கூடினால் தானாக எழும் பின்சிறகு எல்லாம் அதன் காலத்தைச் சொல்பவை. அந்த முகத்தை நீக்கி, எழுபதுகளின் தொடக்கத்து 911 போல அதை மாற்றுகிறார்கள். கடைசியில் நம் முன் நிற்கும் கார் எந்த ஆண்டிலும் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவராதது. அறுபதாயிரத்துக்கு மேல் தயாரான 964-இல் சில நூறு இப்படிப் போவதால் வரலாறு அழிந்துவிடாது என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஒரு வெற்றியைப் பார்த்துப் பல பட்டறைகள் அதே வழியில் இறங்கும்போது, மாறாத கார்கள் ஆண்டுக்கு ஆண்டு குறையத்தான் செய்யும்.

இரண்டாவது குறை நடைமுறை சார்ந்தது. தொழிற்சாலைக் காரின் ஒரு பாகம் உடைந்தால் பாக எண்ணைச் சொல்லி வாங்கலாம். தேர்ந்த மெக்கானிக் யாரும் பொருத்துவார். தனியாக வார்த்த பாகம் உடைந்தால், செய்தவரைத்தான் தேடிப் போக வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால் காரின் மதிப்பும் சேர்ந்து இறங்கும்.

இங்கிருந்துதான் விலைக் கணக்குக்கு வர வேண்டும். மாறாத பழைய காரின் விலை, எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போவதில் இருக்கிறது. முதல் பெயிண்ட் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதில் இருக்கிறது. 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ.க்களில் ஒன்று 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனதற்கு அந்த அபூர்வமும் பந்தய வரலாறும்தான் காரணம். உருமாற்றிய காருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அதன் விலையில் மூலக் கார், உழைப்பு, கட்டியவரின் பெயர் என்று மூன்று பங்கு உண்டு. பெயர் பெரிதென்றால் செலவைத் தாண்டியும் விலை ஏறும். பெயர் இல்லையென்றால், உரிமையாளர் தன் ரசனைக்குக் கொட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பாது. அடுத்தவருக்கு அந்த நிறமும் அந்த ஸ்டியரிங்கும் பிடிக்க வேண்டுமே!

பாகங்கள் மாறினாலும் கார் அதே கார்தானா என்ற கேள்வி 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம்வரை போனது. 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்' பின்னர் பலமுறை மாற்றப்பட்டது. 1932-இல் புரூக்லண்ட்ஸில் விபத்துக்குள்ளாகி மீண்டும் கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசியவர்கள், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார்கள். பழைய பாகங்கள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தும், அறுந்துபோகாத தொடர் வரலாறு உள்ளதால் இது அதே கார்தான் என்றார் நீதிபதி. காரின் அடையாளத்தைத் தாங்கி நிற்பது அதன் பதிவு என்பதே அந்தத் தீர்ப்பு நமக்குத் தரும் பாடம்.

ஆகவே என் நிலைப்பாடு இது. ஏராளமாகச் செய்யப்பட்ட, தனி வரலாறு இல்லாத கார்களை உருமாற்றலாம். நன்றாகச் செய்தால் அது பாராட்டுக்குரிய படைப்பு. அபூர்வக் கார்களையும், இதுவரை கைபடாமல் தப்பியவற்றையும் தொடக் கூடாது. கழற்றிய எஞ்சினும் தகடுகளும் காரோடு கூடவே போக வேண்டும். எதை வெட்டினோம், எதை ஒட்டினோம், எந்தப் பாகம் எங்கே செய்யப்பட்டது என்பதைப் படத்தோடு எழுதிய கோப்பு இருக்க வேண்டும். விலையைப் பழமையின் பெயரால் கேட்காமல் உழைப்பின் பெயரால் கேட்க வேண்டும். வாங்குகிறவரும் பெயிண்டின் பளபளப்பைப் பார்க்கும் முன் அந்தக் கோப்பைக் கேட்கட்டும். அதைத் தர முடியாத பட்டறையின் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும், கேட்கும் விலைக்குத் தகாது.