திறந்த கல்வி வளங்களும் கல்லூரி ஆசிரியர் பயிற்சியும்: அயலகத் தமிழ்க் கற்பித்தலை முன்வைத்து

திறந்த கல்வி வளங்கள் குறித்து யுனெஸ்கோ 2019 நவம்பரில் ஏற்ற பரிந்துரை, ஆசிரியர் முதலானோரின் ஆற்றலை வளர்ப்பதையே முதலில் வைக்கிறது. ஆக்குதல், அணுகுதல், மீளப் பயன்படுத்துதல், தகவமைத்தல், மறுபகிர்தல் என ஐந்து வினைகளை அது அங்கே சுட்டுகிறது. கல்லூரி ஆசிரியர்க்கு நடத்தப்பெறும் பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டாம் வினையோடு அமைந்துவிடுகின்றன என்பது என் மதிப்பீடு. எங்கே தேடுவது என்று காட்டுகிறார்கள். எடுத்ததை எவ்வாறு மாற்றுவது, மாற்றியதை எவ்வாறு திருப்பித் தருவது என்பவை கடைசி அரைமணி நேரத்திற்கு ஒதுக்கப்படுகின்றன.

அயலகத் தமிழ் வகுப்பில் இக்குறை எளிதில் வெளிப்படும். 1998இல் பொங்கல் நாளன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் பகிரலாம் என்ற இசைவோடு பல நூல்களை வழங்கியுள்ளது. ஆயினும் குறுந்தொகைப் பாடலொன்றை இரண்டாம் ஆண்டு மாணவர்முன் அப்படியே வைக்க இயலாது. சந்தி பிரிக்க வேண்டும். அருஞ்சொற்பொருள் தர வேண்டும். பேச்சுத் தமிழில் ஒரு விளக்கமும், கூடுமாயின் ஒலிப்பதிவும் வேண்டும். கற்பித்தல் என்பதே இங்குத் தகவமைத்தல்தான்.

உரிமச் சிக்கலும் இவ்விடத்தில் எழுகிறது. உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் கழிந்துவிட்டமையால் அவரது 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகை உரை இந்தியாவில் பொதுவுடைமை. அண்மையில் மறைந்த உரையாசிரியரின் உரை, நாட்டுடைமை ஆக்கப்பட்டிருந்தாலன்றி, அத்தகையதன்று. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைப் பகுதியை, வணிக நோக்கைத் தடுக்கும் உரிமம் கொண்ட பாடத்தோடு ஒன்றாகக் கலந்து வெளியிடவும் முடியாது. முன்னதன் உரிமம், கலவையும் அதே உரிமத்தில் வெளிவர வேண்டும் என்கிறது. மாற்றத்தைத் தடுக்கும் உரிமமாயின், இலவசமாகக் கிடைத்தாலும் திருத்திய வடிவை வெளியிட வழியில்லை. இவற்றைச் சட்டத்துறையார் வேலையென்று பயிற்சியாளர் கடந்துவிடுகின்றனர். ஐயுற்ற ஆசிரியர், தாம் உழைத்துச் செப்பம் செய்த பாடத்தைக் கடவுச்சொல் காக்கும் வகுப்புத் தளத்திலேயே வைத்துவிடுகிறார்.

தமிழுக்கு ஒரே ஆசிரியர் உள்ள துறைகளில் இதன் இழப்பு பெரிது. அவர் பணி முடிந்ததும் கணக்கு மூடப்படுகிறது; சொற்பட்டியலும் ஒலிப்பதிவும் உடன் மறைகின்றன. பின்வருபவர் முதற்பாடலிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். பதவி உயர்வுக் குழுக்கள் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுமளவுக்குப் பாடத் திருத்தங்களை எண்ணாமையும் இதற்குத் துணைபோகிறது. அதனைப் பயிற்சியாளர் மட்டும் தீர்க்க இயலாது.

பயிற்சியின் அளவுகோலை மாற்றுவது அவர்கள் கையில் உள்ளது. பங்கேற்றோர் தொகையை விடுத்து, ஒவ்வொருவரும் ஒரு பாடத்தைத் திருத்தி, உரிமம் குறித்து, பொதுத் தளத்தில் ஏற்றினாரா என்று கேட்கலாம். அக்கோப்பு ஒருங்குறியில், திருத்தத்தக்க வடிவில் இருக்கிறதா என்பதையும் உடன் பார்க்க வேண்டும். படமாக ஏற்றிய பக்கத்தை அடுத்தவர் முழுதும் மறுபடி தட்டச்சு செய்ய நேரிடும்.