முகத்தைப் பார்த்து மைனர் வாங்காதீர்கள்

மொரிஸ் மைனரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் முதலில் அதன் முகத்தைத்தான் சொல்வார்கள். உருண்டை விளக்குகள், நடுவே சிரிப்பது போன்ற கிறில், பின்னால் வழுக்கிக்கொண்டு இறங்கும் கூரை. முதல் கார் வாங்கப் புறப்படும் பிள்ளைகள் அந்த முகத்தில் மயங்கித்தான் பெரும்பாலும் காசைக் கொட்டுகிறார்கள். மைனர் அருமையான முதல் கார் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த அருமை முகத்தில் இல்லை. முன்சில்லுகள் இரண்டுக்கும் இடையில், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், கிறீஸும் சேறும் அப்பிக் கிடக்கும் இடத்தில் இருக்கிறது.

அந்த முகத்தைக் கம்பனியின் முதலாளிக்கே பிடிக்கவில்லை. முட்டையை உடைத்து வெந்நீரில் விட்டு அவித்தது போல இருக்கிறது என்று நஃபீல்ட் பிரபு முகம் சுளித்தாராம். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906 இல் ஸ்மிர்னாவில் பிறந்து, 1922 இல் அந்த நகரம் எரிந்தபோது குடும்பத்தோடு வெளியேறி இங்கிலாந்துக்கு வந்தவர். உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ‘நுளம்பு’ என்ற இரகசியப் பெயரில் இந்தக் காரை வரையத் தொடங்கிவிட்டார். மாதிரி வண்டி தயாராகி நிற்கும்போது அவருக்கு ஏதோ உறுத்தியது. கார் ஒடுங்கலாகத் தெரிந்தது. ஆட்களைக் கொண்டு அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கி, நாலு அங்குலம் வந்ததும் ‘போதும்’ என்றார். மைனரின் பொனற்றின் நடுவே ஒரு தட்டையான பட்டி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அது அலங்காரம் அல்ல, அறுத்த இடத்தில் நுழைந்த அந்த நாலு அங்குலம்தான். முதலில் வந்த வண்டிகளில் பம்பரையும் நடுவே வெட்டித் துண்டு வைத்து நீட்டியிருப்பார்கள். பழைய பம்பர்கள் ஏற்கெனவே அடித்து அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த நாலு அங்குலம் முகத்தை அழகாக்கியது உண்மை. அதைவிடப் பெரிய நன்மை, சில்லுகள் அகன்று நின்றன, கார் வீதியை அகலக் கால் வைத்துப் பிடித்துக்கொண்டது. 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளியானபோது, சிறிய கார் என்றால் உயர்ந்த, ஒடுங்கிய, வளைவில் ஆடும் பெட்டி என்ற நினைப்பே பலருக்கு இருந்தது. மைனருக்குப் 14 அங்குலச் சில்லு. அன்றைய சிறிய கார்களின் சில்லுகளைவிட அது சிறியது. இசிகோனிஸ் எஞ்சினை முன்னுக்குத் தள்ளிப் பாரத்தை முன்சில்லுகளில் வைத்தார். முன்புறத்தில் சுருள் வில்லுக்குப் பதிலாக, காரின் நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரக் அண்ட் பினியன் ஸ்டியரிங்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பல கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் கொஞ்சத் தூரம் வெறுமையாகச் சுற்றும், பிறகுதான் சில்லு அசையும். ஒரு பெட்டிக்குள் பல்லும் திருகும், அதிலிருந்து கோல்கள், கோல்களுக்கு மூட்டுகள் என்று கையிலிருந்து சில்லுக்குப் போகும் வழி நீளமானது. ரக் அமைப்பில் அந்த வழி குறுகிவிடுகிறது. ஸ்டியரிங் தண்டின் நுனியில் ஒரு சிறு பற்சக்கரம். அது பல் வெட்டிய ஒரு நேர்க் கோலை இடமும் வலமும் தள்ளுகிறது, கோலின் இரு முனைகளும் சில்லுகளைப் பிடித்திருக்கின்றன. ஒரு பக்க எல்லையிலிருந்து மறுபக்க எல்லைக்கு ஏறத்தாழ இரண்டரைச் சுற்று, அவ்வளவுதான். பட்டம் ஏற்றிய கைக்குத் தெரியும், மேலே காற்று என்ன செய்கிறது என்பதை நூல் விரலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மைனரின் ஸ்டியரிங்கும் அப்படித்தான். தார் முடிந்து கிரவல் தொடங்கும் இடம், மழைத் தண்ணீரில் ரயர் வழுக்கப் பார்க்கும் கணம், ஒரு பக்க ரயரில் காற்றுக் குறைந்திருப்பது, எல்லாம் கண்ணுக்கு முன்னே கைக்கு வந்துவிடும். இன்றைய கார்களின் மின்சார ஸ்டியரிங் இலேசானது, சொகுசானது, ஆனால் ஊமை.

முதல் கார் பேசுகிற காராக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். மைனரில் பேசாத உறுப்பே இல்லை. திறப்பைத் திருப்பியதும் பொனற்றுக்குள் பெற்றோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று அடிக்கும். காபுரேட்டரின் கிண்ணம் நிரம்பியதும் அடங்கிவிடும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது அதில் போடவேண்டுமானால் கிளச்சை இருமுறை மிதித்து, நடுவே எஞ்சினை அளவாக முறுக்கி, பல்லோடு பல் சேரும் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிழைத்தால் கார் உரக்கத் திட்டும். ஒரு மாதம் திட்டு வாங்கியவருக்குக் கியர்ப்பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் கற்பிக்கத் தேவையில்லை. இறக்கத்தில் காலை எடுத்தால் புகைக்குழாயிலிருந்து ஒரு குழந்தைத்தனமான ‘புர்ர்ர்’ வரும். அதற்குப் பயன் ஒன்றும் இல்லை, கேட்க நன்றாக இருக்கும்.

மினி வாங்கலாமே என்பார்கள். அதுவும் இசிகோனிஸின் பிள்ளைதான், 1959 இல் பிறந்தது, வளைவில் அண்ணனை மிஞ்சும். ஆனால் எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே அதே எண்ணெய்க்குள் புகுத்தியிருக்கிறார்கள். கை நுழைய இடமில்லை. பத்து அங்குலச் சில்லு நம் வீதிக் குழிகளில் இறங்கினால் முதுகெலும்பு எண்ணிச் சொல்லும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை நான் மதிக்கிறேன், ஆனால் பாரம் முழுவதும் பின்னால் இருக்கும் காரில் ஓட்டப் பழகுவது வேறு வித்தை. மைனரின் பொனற்றைத் திறந்தால் ஒரு சிறு எஞ்சின், சுற்றிலும் தாராளமான வெளி. இசிகோனிஸ் அங்கே வேறொரு, படுக்கை வாட்டான எஞ்சினைத்தான் எண்ணியிருந்தார். அது வரவே இல்லை. வராத எஞ்சினுக்கு விட்ட இடம் இன்றைக்கு நம் முழங்கைக்கு உதவுகிறது.

எந்த மைனர்? 1948 இலிருந்து வந்தவற்றில் 918 சி.சி. பக்கவால்வு எஞ்சின், 27 குதிரைவலு சொச்சம். விளக்குகள் கிறிலுக்குள்ளேயே பதிந்திருக்கும். அமெரிக்கச் சட்டத்துக்காகப் பிறகு விளக்கை மட்கார்டுக்கு உயர்த்தினார்கள். தாழ்விளக்கு வண்டிக்குச் சேகரிப்பவர்கள் கூடிய விலை கொடுப்பார்கள். அவர்களிடமே விட்டுவிடுங்கள். 1952 இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒன்றாகியபின் ஒஸ்டினின் 803 சி.சி. எஞ்சின் ஏறியது. அது நல்ல எஞ்சின், ஆனால் மேடு கண்டால் மூச்சு வாங்கும். 1956 இல் வந்த ‘மைனர் 1000’ தான் என் தெரிவு. 948 சி.சி., 37 குதிரைவலு, இரு துண்டுக் கண்ணாடிக்குப் பதில் வளைந்த ஒற்றைக் கண்ணாடி, குட்டையான கியர்க் கம்பி. அந்த எஞ்சினின் ஓட்டத்தில் ஓர் இனிமை இருக்கிறது. 1962 கடைசியில் வந்த 1098 சி.சி. வண்டிக்கு 48 குதிரைவலு. முன்பிரேக் ட்ரம்மும் ஏழிலிருந்து எட்டு அங்குலமாகியது. கண்டி ஏறி இறங்கப் போகிறவர் என் இரசனையைத் தூக்கி எறிந்துவிட்டு அதையே வாங்கவேண்டும். யாழ்ப்பாணம் போன்ற தட்டையான ஊரில் 948 தாராளம்.

இலங்கையில் இந்தக் கார்கள் இவ்வளவு மிஞ்சியிருப்பதற்குக் காதல் மட்டும் காரணம் அல்ல. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதுக் கார் இறக்குவது குதிரைக் கொம்பு. இருந்ததைத் தட்டி நிமிர்த்தி ஓட்டினார்கள். வடக்கில் அந்தக் கட்டாயம் இன்னும் நீண்டது. 1990க்குப் பிறகு போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றபோது மொரிஸும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளியைக் காபுரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் அது மண்ணெண்ணெயைக் குடிக்கும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதற்குத்தான் அந்தத் துளிகள். அமுக்கம் கூடிய எஞ்சினில் அது தட்டி வெடிக்கும். இன்றைய கார்களில் அமுக்க விகிதம் பத்துக்கு மேல், இந்தக் கிழவன்களில் ஏழு, எட்டை ஒட்டி. ஆகவே பொறுத்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கியது, பிளக்குகள் கரி பிடித்தன, வீதியெல்லாம் புகை. ஆனாலும் நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவர் இன்னும் உங்கள் ஊரில் இருந்தால், கார் தேட முதல் அவரைத் தேடுங்கள்.

இனி வாங்கும் நாள். பளபளக்கும் பெயின்றைப் பார்த்துவிட்டு நேரே கீழே படுங்கள். பழைய பாய் ஒன்று கொண்டுபோவது உத்தமம். மைனருக்குத் தனியாகச் சட்டகம் இல்லை, உடலே எலும்பு. முன்னால் எஞ்சினைத் தாங்கும் இரு கால்கள், முன் ஆசனங்களுக்கு அடியில் குறுக்கே ஓடும் பெட்டி, ஜக் வைக்கும் இடம், பின்வில் தொங்கும் கொளுவிகள், இவைதான் உயிர்நிலை. முறுக்குக் கம்பிகளின் பின்முனை அந்தக் குறுக்குப் பெட்டியில்தான் பிடித்திருக்கிறது. அது கறளால் உளுத்தால் முன்புறம் முழுவதுமே பொய். சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், புட்டி மொத்தென்று சொல்லும். பிறகு ஜக்கால் ஒரு பக்கத்தை உயர்த்தி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். இலகுவாக மூடினால் உடம்பில் பலம் இருக்கிறது. இறுகினால் கார் நடுவில் மடிகிறது. விற்பவர் “பழைய கார்தானே, கதவு கொஞ்சம் பிடிக்கும்” என்பார். பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்புங்கள்.

கதவு இலகுவாக மூடினாலும் ஜக்கை இறக்கிவிடாதீர்கள், இன்னொரு வேலை இருக்கிறது. உயர்ந்து நிற்கும் முன்சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சில்லைத் தாங்கும் நிலைத்தண்டின் மேலும் கீழும் புரி வெட்டி, அதில் ஒரு நட்டுப்போலத் திருகிய மூட்டு இருக்கிறது. ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங் திரும்பும்போது அந்தப் புரியில்தான் திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் விட்டால் கீழ்ப் புரி தேய்ந்து, ஒருநாள் வழுக்கிக் கழன்றுவிடும். சில்லு மட்கார்டுக்குள் மடிந்து கார் முகம் குப்புற விழும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, மெதுவாகத் திருப்பும்போதுதான் இது நடக்கும். முற்றத்தில் நடந்தால் வெட்கம் மட்டும்தான், ஏ9 வீதியில் நடந்தால் வேறு கதை. இசிகோனிஸின் அற்புதமான முன்புறத்துக்கு அவரே வைத்த ஒரே கண்ணி இது.

மரச்சட்டம் போட்ட ‘ட்ரவலர்’ வாகனம் படங்களில் மனதைப் பறிக்கும். அந்த ஆஷ் மரம் அழகுக்கு வைத்ததல்ல, பின்பாதி உடம்பே அதில்தான் நிற்கிறது. நம் ஈரப்பதத்தில் மரம் உளுத்தால் தச்சனும் வேண்டும், டிங்கரிங்காரரும் வேண்டும். முதல் காருக்கு வேண்டாம். கூரை திறக்கும் வண்டியிலும் கவனம். சாதாரண மைனரின் கூரையை வெட்டி எறிந்துவிட்டு, கீழே பலப்படுத்தாமல் விற்கிற கெட்டிக்காரர் எந்த நாட்டிலும் உண்டு.

இலக்கத்தகட்டையும் வாசியுங்கள். ஆங்கில எழுத்தோடு தொடங்கும் தகடு என்றால் 1957க்கு முன் பதிந்த கார். அதற்குப் பின் சிங்கள ஸ்ரீ. ஆங்கில எழுத்துத் தகட்டோடு 1098 எஞ்சின் நின்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது குற்றம் அல்ல, விலை பேச ஒரு பிடி.

எஞ்சின் மாற்றம் பற்றி நண்பர்களோடு எனக்கு ஓயாத சண்டை. பல மைனர்களில் டட்சன் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஏற்றியிருக்கிறார்கள். ஓடும், நம்பலாம், பாகமும் கிடைக்கும். மறுக்கவில்லை. ஆனால் அந்தப் ‘புர்ர்ர்’ போய்விடும், இரட்டைக் கிளச் பாடமும் போய்விடும். அதே வாயால் முன்னுக்கு டிஸ்க் பிரேக் போடுங்கள் என்றும் சொல்வேன். இது முரண் என்று அவர்கள் சிரிப்பார்கள். முன்னும் பின்னும் ஆசனப்பட்டி கட்டாயம் பூட்டுங்கள். 1961 வரை வந்த வண்டிகளில் கதவுத் தூணிலிருந்து கைபோல் நீளும் கைகாட்டி விளக்கு இருக்கும். அதைக் கழற்றவேண்டாம், ஆனால் மின்னும் விளக்கும் சேர்த்துப் பூட்டுங்கள். பின்னால் வரும் முச்சக்கரவண்டிப் பையனுக்கு அந்தக் கை என்ன சொல்கிறது என்று தெரியாது.

விலை முடிந்து, திறப்பு கைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு கிறீஸ் கன் வாங்கிவிடுங்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ட்ரன்னியனுக்கு அடிக்கவேண்டும், மழைக்காலத்தில் இன்னும் முந்தி. அடிக்கும்போது சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து அடியுங்கள், பாரம் விலகினால்தான் கிறீஸ் புரி முழுவதும் ஏறும். கராஜ்காரர் “நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி” என்றாலும் பக்கத்தில் நின்று பாருங்கள்.