திறமூல நிரலகங்களின் நம்பகம்

மென்பொருள் இயற்றுவோர் தமக்கு வேண்டிய யாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த நிரற் பகுதிகளை எடுத்துத் தம் ஆக்கத்தோடு இணைத்துக்கொள்வர். அத்தகைய பகுதிகளின் தொகுதி நிரலகம் எனப்படும். அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை இருப்பின், அது திறமூல நிரலகமாம். ஒருநாள் தேவைக்கு ஒன்றை எடுப்பதாயின் மிகுந்த ஆராய்ச்சி வேண்டுவதில்லை. மருத்துவமனையொன்றின் நோயாளர் பதிவேட்டையோ வங்கியொன்றின் கணக்கையோ பல்லாண்டு அதன்மேல் நிறுத்துவதாயின், அதனை எவ்வாறு அளந்தறிவது? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

பெரும்பான்மையோர் கைக்கொள்ளும் அளவுகோல் புகழே. பயன்படுத்துவோர் தொகையை எண்ணிப் பார்த்து, பல்லோர் கண்பட்டது பழுதுடையதாகாது என்று அமைதியடைவர். இக்கூற்றுச் செவிக்கு இனிதாயினும் ஆராய்ச்சிக்கு நில்லாது. இணையச் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நிரலகத்தைக் காண்க. உலகின் வலைவழங்கிகளுள் மிகப் பல அதனையே நம்பியிருந்தன. 2012 மார்ச்சில் வெளிவந்த அதன் 1.0.1ஆம் பதிப்பில், பின்னர் 'ஹார்ட்பிளீட்' எனப் பெயர்பெற்ற வழு இடம்பெற்றிருந்தது. வந்த செய்தி தன் நீளம் இவ்வளவு என்று கூறியதை நிரல் சரிபாராது ஏற்றது; அதனால் நினைவகத்திலிருந்த பிறர் மறைபொருள்கள், ஒவ்வொரு வேண்டுகைக்கும் 64 கிலோபைற்று வரை, கேட்டவர் கைக்குச் சென்றன. மூலநிரல் எல்லார்க்கும் திறந்தே கிடந்தது. எனினும் வழு உலகறிய வந்தது 2014 ஏப்பிரலிலேயே. அந்நாளில் அதனை முழுநேரமாகப் பேணியவர் ஒருவரே. ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டொலர். ஏட்டுப் பிரதிகளை ஓதினோர் பலர், பாடபேதம் நோக்கித் திருத்தினோர் மிகச் சிலர் என்பதை நம்மவர்க்கு விளக்கவேண்டுவதில்லை.

ஆகவே பயன்படுத்துவோர் தொகையினும் பேணுவோர் நிலையே முதற்கண் நோக்கத்தக்கது. எக்ஸ்இஸட் யூட்டில்ஸ் என்னும் தரவுச் சுருக்க நிரலகத்தை நெடுங்காலம் பேணியவர் தன்னார்வலர் ஒருவர். அவருக்கு உதவுவார் போல வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நற்பணி செய்து நம்பிக்கை பெற்று, வெளியீட்டுரிமையும் பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கள்ளவாயில் ஒன்றை அமைத்தார். அதனை இயக்கும் பகுதி பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மாத்திரமே இருந்தது. எனவே களஞ்சியத்தை மட்டும் படித்தவர் அதனைக் கண்டிரார். 2024 மார்ச் 29இல் அதனை வெளிப்படுத்தியவர் அன்ட்ரெஸ் புரொயிண்ட் என்னும் பொறியியலாளர். தொலைநுழைவு அரை விநாடி தாமதித்ததைப் பொருட்படுத்தியவர் அவர். நிரல் திறந்திருந்தமையால் அவர் காரணத்தைத் தேடிச் செல்ல முடிந்தது என்பதையும் மறைத்தலாகாது.

இவற்றைக் கொண்டு, பேணுவோர் சிலராயிருத்தலே குற்றமென முடிவுகட்டுவோரும் உளர். அதுவும் பொருந்தாது. றிச்சட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்கியூலைட் தரவுத்தள நிரலகத்தைப் பேணுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். வெளியார் எழுதியதை அவர்கள் பெரும்பாலும் ஏற்பதுமில்லை. ஆயினும் அவர்தம் சோதனை நிரல்கள் மூலநிரலினும் பன்னூறு மடங்கு பெரியன. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்புகளை இன்றைய பதிப்பும் படிக்கும். 2050 வரை பேணுவதாகவும் அறிவித்துள்ளனர். பின்னையது வாக்கு மாத்திரமே. முன்னைய இரண்டும் எவரும் சோதித்தறியத்தக்க செயல்கள். என் மதிப்பில் இவையே எடை மிகுந்தவை.

வழுவே அறிவிக்கப்படாத நிரலகத்தை மெச்சுதலும் வழக்கம். அஃது ஆய்வாரின்மையையும் குறிக்கலாம். வழு தெரிந்தபின் எத்துணை விரைவிற் திருத்தினர், திருத்தத்தை ஒளிவின்றி அறிவித்தனரா, பழைய பதிப்பை ஆள்வோரை நட்டாற்றில் விட்டனரா என்பனவே கேட்கத்தக்கன. ஓப்பன்எஸ்எஸ்எலுங்கூட 2014க்குப் பின் நிதியும் ஆளும் பெற்று வேறொரு நிலையை அடைந்தது. ஆதலின் ஒருமுறை வழங்கிய தீர்ப்பை ஆண்டுதோறும் மீளநோக்குதல் வேண்டும்.

எடுத்தாள்வார் கடமையும் ஒன்றுண்டு. 2016 மார்ச்சில் லெஃப்ட்பாட் என்னும் பதினொரு வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்தினின்று நீக்கிவிட, அதனை நாடிய எண்ணற்ற மென்பொருள்களை உருவாக்கும் பணி தடைப்பட்டது. சில மணி நேரத்தில் அது மீள வைக்கப்பட்டது. தம்மிடத்தே ஒரு படி வைத்திருந்தோர் அந்நேரமும் வேலையை நிறுத்தவேண்டியிருக்கவில்லை.