முப்பது வயதுக்குள் ஒரு நாற்காலி

2023 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் துணை அதிபர் சாரா துதெர்தேயின் அலுவலக பட்ஜெட் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் வந்தது. முந்தைய டிசம்பரில் அந்த அலுவலகம் செலவிட்ட 12.5 கோடி பெசோ ரகசிய நிதிபற்றிக் கேள்விகள் காத்திருந்தன. அந்தத் தொகை பதினொரே நாளில் தீர்ந்தது என்பது பிறகு தெரியவந்தது. இவ்வளவு உயர்ந்த பதவியில் இருப்பவரைக் குடைந்து கேட்பதில்லை என்பது சபையின் பழைய மரியாதை. அதைக் காட்டி, விசாரணை தொடங்கிய அரை மணி நேரத்துக்குள்ளேயே அதை முடித்துவிடலாம் என்று முன்மொழிந்தவர் அதிபரின் மகன் சாண்ட்ரோ மார்கோஸ், வயது 29. ஆட்சேபித்த விரல்விட்டு எண்ணக்கூடியவர்களில் ஒருவர் ரவுல் மனுவேல், கபாத்தான் என்ற இளைஞர் கட்சியின் ஒரே உறுப்பினர். அவருக்கும் அப்போது முப்பது ஆகவில்லை.

சபைக்கு இளைஞர்கள் வரவேண்டும் என்ற கோஷம் எவ்வளவு காலியானது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். இளைஞர்கள் அங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள், பெரும்பாலும் அப்பாவின் தொகுதியில். மாணவர் இயக்கத்திலிருந்து வேட்பாளராவது அதிலிருந்து வேறுபட்ட வழக்கம். அதை எடைபோடும்போது வயதை மறந்துவிட்டு, அவர்களை அனுப்பி வைப்பது யார், அனுப்பியவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பார்ப்பதே சரி.

அந்த வாசலைத் திறந்தது 1987 அரசியலமைப்பு. சபையின் ஐந்தில் ஒரு பங்கு இடங்கள் கட்சிப் பட்டியல் முறைக்கு. நாடு முழுவதும் வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களிப்பார். எந்தக் கட்சிக்கும் மூன்று இடத்துக்கு மேல் கிடையாது. 1995இல் வந்த சட்டம் இளைஞர் பிரிவு வேட்பாளருக்கு 25 முதல் 30 வயது என்று வரம்பு வைத்தது. 2001இல் தொடங்கிய கபாத்தானுக்கு, உச்ச நீதிமன்றம் இடப்பங்கீட்டுக் கணக்கை மாற்றியமைத்த 2009இல்தான் முதல் நாற்காலி கிடைத்தது. மோங் பலட்டினோ, டெரி ரிடோன், சாரா எலாகோ, ரவுல் மனுவேல், 2025 முதல் ரெனீ கோ எனச் சங்கிலி அறாமல் நீள்கிறது. ஐவரில் ஒருவருக்கும் அரசியல் குலப்பெயர் இல்லை. தேசிய மாணவர் ஒன்றியம், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் மாணவர் பிரதிநிதிப் பதவி போன்ற இடங்களில் தேர்தலில் நின்று, தோற்று, ஜெயித்துப் பழகியவர்கள் இந்த வரிசையில் இருக்கிறார்கள். பரம்பரைகள் ஆளும் ஒரு சபையில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

அவர்களால் என்ன சாதிக்க முடிந்தது? தங்கள் பெயரில் சட்டம் என்று பார்த்தால் அதிகமில்லை. ஆதரவாளர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது 2017இன் இலவச உயர்கல்விச் சட்டம். எலாகோ அதன் இணை ஆசிரியர்களில் ஒருவர்தான். ஆனால் மேலவையில் அதைத் தூக்கிச் சுமந்தவர் பாம் அக்கினோ, நிதிக்கணக்குக் காட்டித் தயங்கிய அமைச்சர்களை மீறிக் கையெழுத்திட்டவர் அன்றைய அதிபர் ரோட்ரிகோ துதெர்தே. கல்லூரி வாசலில் பல பத்தாண்டுகள் கட்டண உயர்வை எதிர்த்து நின்ற இயக்கம் இல்லாமல் அந்தக் கோரிக்கை மேசைக்கே வந்திருக்காது என்று சொல்லலாம். அந்தப் பெருமை தெருவுக்குரியது. நாற்காலியின் கணக்கில் எழுத முடியாது.

நாற்காலியின் உண்மையான பலன் கேள்விதான். ரகசிய நிதியையே எடுத்துக்கொள்வோம். கபாத்தானும் அதன் தோழமைக் கட்சிகளும் சேர்ந்த மகபயான் அணியின் மூன்று உறுப்பினர்கள், மனுவேல் உட்பட, கூச்சமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பெரும்பான்மை முதலில் செவிசாய்க்கவில்லை. மார்கோஸ்–துதெர்தே கூட்டு விரிசல் விட்டதும் அதே சபை அந்த நிதியை வெட்டியது. 2025 பிப்ரவரியில் 215 உறுப்பினர்கள் கையெழுத்திட்டுத் துணை அதிபர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டே அனுப்பினார்கள். (அதை உச்ச நீதிமன்றம் பிறகு செல்லாது என்றது தனிக்கதை.) கேள்வியை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஆர்வலர்கள், அதைப் பயன்படுத்தும் நேரத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு ஆட்கள். ஒற்றை இடக் கட்சியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது இங்கேதான்.

கேள்வி கேட்பதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. 2018இல் தொடங்கப்பட்ட அரசின் கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் பணிக்குழு, கபாத்தானையும் அதன் தோழமைக் கட்சிகளையும் ஆயுதக் குழுவின் முகமூடிகள் என்றே பிரச்சாரம் செய்தது. அப்படிச் சிவப்பு முத்திரை குத்துவது உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அச்சுறுத்தல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024இல் வெளியானது. வழக்குத் தொடுத்தவர் முன்னாள் கட்சிப் பட்டியல் உறுப்பினர் ஒருவர். இப்படிப்பட்ட மிரட்டலுக்கு நடுவே பதினெட்டு வயதுக்காரர் ஒருவர் துண்டறிக்கை கொடுக்கிறார் என்றால், அந்தத் துணிச்சலை மதித்துவிட்டுத்தான் விமர்சனத்தைத் தொடங்க வேண்டும்.

விமர்சனம் வாக்கு எண்ணிக்கையிலேயே இருக்கிறது. கபாத்தானுக்கு 2019இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 2022இல் ஐந்து லட்சத்துக்கு மேல். 2025இல் மீண்டும் மூன்று லட்சம் சொச்சம். மக்களில் பாதிப்பேர் ஏறத்தாழ 25 வயதுக்குக் கீழ் இருக்கும் நாடு அது. அதே 2025 தேர்தலில் இளைஞர் வாக்கு அலையடித்தது என்று பேசப்பட்டது. அந்த அலை அக்பயான் என்ற கட்சியைக் கட்சிப் பட்டியலில் முதலிடத்துக்கும் பாம் அக்கினோவை மேலவைப் போட்டியில் இரண்டாமிடத்துக்கும் கொண்டுபோயிற்று. இளைஞர் கட்சியைத் தொடாமல் கடந்துவிட்டது. அடக்குமுறையை மட்டும் காரணம் காட்டினால் இது விளங்காது. கபாத்தானின் பேச்சு இன்னும் வளாகப் பொதுக்கூட்டத்தின் பேச்சு. ஏகாதிபத்தியமும் நிலப்பிரபுத்துவமும் 1970 மாணவர் எழுச்சியிலிருந்து மாறாத வரிசையில் வந்து நிற்கின்றன. கால்சென்டரில் இரவுப்பணி பார்ப்பவரும் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசெல்பவரும் இளைஞர்களே. அவர்களுக்காகவும் கட்சி அறிக்கை விடுகிறது. ஆனால் கட்சியின் முகமாக வந்து நிற்பவர் மீண்டும் மீண்டும் மாணவர் தலைவரே.

சட்டத்தின் கோணலும் சேர்ந்துகொள்கிறது. முப்பது வயது வரம்பால், குழு நடைமுறையும் பட்ஜெட் ஆவணத்தின் நுணுக்கமும் கைவந்த நேரத்தில் உறுப்பினர் வெளியேற வேண்டியிருக்கிறது. எலாகோ 2025இல் திரும்பி வந்ததுகூட கேப்ரியேலா என்ற பெண்கள் கட்சியின் வழியாகத்தான். தொகுதி உறுப்பினருக்கு இப்படி எந்த வயதுக் கெடுவும் இல்லை. போலிகளையும் இந்த வரம்பு தடுத்துவிடவில்லை. 2019இல் துதெர்தே யூத் கட்சிக்காக, தேர்தலுக்கு முந்தைய நாள், முப்பதைத் தாண்டிவிட்ட ரோனால்ட் கார்டெமா மாற்று வேட்பாளராக மனுச் செய்தார். அதுவரை தேசிய இளைஞர் ஆணையத்தின் தலைவர் அவர்! தேர்தல் ஆணையம் அவரை நிராகரித்ததும் அவர் மனைவி உறுப்பினரானார். அந்தக் கட்சி 2025இல் 23 லட்சம் வாக்குகள் பெற்றது. அதன் பதிவையே தேர்தல் ஆணையம் ரத்து செய்ததால் இடங்கள் கைக்கு வரவில்லை. இளைஞர் என்ற அடையாளத்தைச் சட்டம் ஒரு வயதுச் சான்றிதழாகச் சுருக்கினால், அது இல்லாதவர்கூட மனுவோடு வந்து நிற்பார்.

இன்னொரு முரணும் உண்டு. கிராம இளைஞர் மன்றத் தேர்தலில் பதவியிலிருப்பவரின் நெருங்கிய உறவினர் நிற்க 2016 சட்டம் தடை போட்டது. அரசியல் வாரிசுரிமையை ஒழிக்க 1987 அரசியலமைப்பு கேட்ட சட்டத்தை அதே சபை தனக்கென்று இயற்றாமல் பல பத்தாண்டுகள் தள்ளிப்போட்டது. மாணவர் இயக்கத்துக்கு இதைவிடக் கூர்மையான தேர்தல் வாதம் கிடைக்காது. ஆனால் கட்சிப் பட்டியல் என்ற ஒதுக்கிடத்தில் இருந்தபடி அதைச் சொன்னால் எந்தக் குடும்பத்துக்கும் ஓர் இடம்கூடக் குறையாது. மார்கோஸ்களின் இலோகோஸ் நோர்ட்டேயிலோ துதெர்தேக்களின் தவாவோவிலோ தொகுதிக்கு ஆள் நிறுத்தித் தோற்கத் துணியும் நாளில்தான் அந்தக் குடும்பங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.