ரோமுக்குப் போன கடிதமும் மான்சிலாஸுக்குப் போன சீட்டுகளும்

சவேரியாரின் கடிதங்களைப் பற்றி நம்ம ஊர்ல பேசுறவங்க பெரும்பாலும் ஒரே கடிதத்தைத்தான் பேசுறாங்க. 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ரோமில் இருந்த சபைத் தோழர்களுக்கு எழுதியது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது, ஜெபம் சொல்லிச் சொல்லிக் குரல் போனது எல்லாம் அதில்தான் வருகிறது. அடுத்த வருஷமே பாரிஸில் அச்சாகிவிட்டது. நல்ல கடிதம்தான். ஆனா முத்துக்குளித்துறையின் வரலாற்றை அதை வைத்து மட்டும் எழுதினால் கணக்கு தப்பும்.

முதலில் வருஷம். சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல். பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றது அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னாடி, 1536-37-ல். முத்துக்குளிப்பை ஒட்டி முஸ்லிம் வணிகர்களோடு மோதல் முற்றியிருந்த நேரம். குதிரை வியாபாரி ஜோவான் ட குருஸ் யோசனை சொல்ல, பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். மதமாற்றம் அந்தப் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதி.

இதைச் சொன்னா ரெண்டு பக்கமும் கோபம் வருது. ஒரு பக்கம் புனிதர் வந்து மீட்ட கதை, இன்னொரு பக்கம் ஏமாத்தி மாத்திட்டாங்க என்கிற கதை. ரெண்டிலுமே பரதவர் தானா யோசிக்கத் தெரியாத ஜனம். அதுதான் எனக்கு உறுத்துது.

சரி, அந்தப் பாதுகாப்பு கிடைச்சுதா? அதற்கு ரோம் கடிதத்தை மூடிட்டு, 1544 முழுக்க சவேரியார் தன் உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்கு அனுப்பிய சின்னச் சின்னச் சீட்டுகளைப் படிக்கணும். நம்ம தொழில் பாஷையில், முன்னது ஆண்டறிக்கை, பின்னது லாக் ஃபைல்.

ஜூனில் வடுகப் படை குமரிப் பக்கம் புகுந்தது. ஜனங்கள் கடல் பாறைகளில் ஒளிந்து பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவோடு கிளம்பிய சவேரியார், காற்று எதிர்த்ததால் நாள்கணக்கில் கடலில் மாட்டி, கடைசியில் நடந்தே போனார். செப்டம்பரில் தூத்துக்குடி ஆட்களுக்கே அந்த நிலைமை. தீவுகளுக்கு ஓடினார்கள். தண்ணீரும் சாப்பாடும் ஏற்றித் தோணிகளை அனுப்பச் சொல்லி எழுதுகிறார்.

காப்பாற்ற வேண்டிய போர்த்துக்கீசியக் கேப்டன் கோஸ்மே ட பைவா என்ன பண்ணினார்? அந்த டிசம்பரில் சவேரியாரே எழுதுகிறார்: இந்தக் கரையில் அடித்த கொள்ளைகளுக்காக அவர் தன் மனச்சாட்சியைச் சரிசெய்துகொள்ள உதவு என்று. அச்சுக்குப் போன கடிதத்தை மட்டும் படிச்சா இது கிடைக்காது.

பின்லாந்துக்காரர்களுக்கும் அதே நூற்றாண்டில் இதே கேள்வி வந்தது. ஸ்வீடன் அரசின் கீழ் 1543 வாக்கில் மிக்கேல் அக்ரிகோலாவின் அரிச்சுவடி வந்தது, அவர்கள் மொழியின் முதல் அச்சு நூல். நமக்கும் 1578-ல் அண்ட்ரிக் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’. ரெண்டையும் கொண்டாடுறோம். ஆனா 1596-97-ல் அந்த விவசாயிகள் தடிகளோடு கிளம்பியது, தங்களைக் காக்கும் பேரில் இருந்த படைக்குச் சோறு போட்டே ஓய்ந்துபோனதால். புத்தகமும் வந்தது, சுமையும் வந்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக் கூடாது.

மான்சிலாஸ் சீட்டுகளுக்கும் குறை உண்டு. சாராயம் குடிக்கும் பெண்ணைப் பிடித்துக் கொடுத்தால் ஒரு பணம் பரிசு, அவளுக்கு மூணு நாள் காவல் என்கிற உத்தரவு அதில் இருக்கு. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பது இல்லை. மான்சிலாஸுக்கு உதவியா இருந்த மத்தேயு என்கிற பையனின் பேர் வருது, அவன் பேச்சு வரலை. ஆள் கொடுமைக்காரர் என்பதில்லை. பசித்தவனுக்காகக் கடலில் இறங்கியதும் அவர்தான், தண்டனை விதித்ததும் அவர்தான். ரெண்டையும் சேர்த்து எழுதுற புத்தகம்தான் நேர்மையான புத்தகம்.

திருவிழா மலர்களில் ரோம் கடிதத்தை மறுபடி மறுபடி போடுகிறவர்கள் ஒரு வருஷமாவது அந்த ஜூன் மாதச் சீட்டைத் தமிழில் போடலாம். பாறையில் கிடந்தவர்கள் நம்ம கரை ஜனம்தானே.