மூணாறுக்கு முன் முல்லையாறு

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் தேனி வட்டாரத்துப் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடுகிறது. வீரபாண்டியைச் சுற்றியுள்ள பள்ளிகள் ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊர்களில் மூணாறு முக்கியமானது. பயணத் திட்டத்தில் மாட்டுப்பட்டி அணை இருக்கும், எக்கோ பாயிண்ட் இருக்கும். இவற்றுக்கு நடுவில் ‘கல்விச் சுற்றுலா’ என்ற பெயருக்கு நியாயம் செய்வது நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகம்தான். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள சின்னப் பிள்ளைகளை இப்படிப் பழைய தொழில் ஒன்றின் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? நிறையக் கிடைக்க வழி உண்டு. ஆனால் இன்று நாம் கூட்டிப்போகும் முறையில் அதில் பாதிகூடப் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில்லை.

முதலில் அந்த இடத்தின் நல்லதைச் சொல்ல வேண்டும். டாடா டீ நிறுவனம் ஏற்படுத்திய இந்த அருங்காட்சியகம் 2005இல் திறக்கப்பட்டது. இப்போது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. இங்கே தேயிலைத் தூள் தயாராவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. பச்சைக் கொழுந்து வாடுகிறது, எந்திரத்தில் நசுங்குகிறது, காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகிறது, சூட்டில் காய்ந்து கறுக்கிறது, சல்லடைகளில் தரம் பிரிகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைப்பது அரிது. காலையில் வீட்டில் குடித்த டீ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வாசனையோடும் சத்தத்தோடும் விடை கிடைக்கிறது. அந்த எந்திரம் ஓடும் இடத்தில் பிள்ளைகள் நகர மறுப்பார்கள். ஆசிரியர்கள் அவர்களை இழுத்துக்கொண்டு போவார்கள். அங்கே நிற்கவிட வேண்டும். அன்றைய நாளின் முழுப் பயனும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது.

மற்ற அறைகளில் நிலைமை வேறு. 1905ஆம் ஆண்டின் தேயிலை உருட்டும் பொறி, கன்னியாமலை எஸ்டேட்டில் 1920களில் மின்சாரம் எடுக்க உதவிய பெல்டன் சக்கரம், பழைய தொலைபேசிகள், கணக்குப் போடும் பொறிகள், துரைமார் வீட்டுச் சாமான்கள், வரிசை வரிசையாகப் புகைப்படங்கள். நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளியில் 1913இல் செய்த கருங்கல் சூரியக் கடிகாரமும் உண்டு. பெரியவர்களுக்கு இவை ஒவ்வொன்றும் பொக்கிஷம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கோ ஓடாத எந்திரம் வெறும் இரும்பு. ‘நூறு வருஷத்துக்கு முந்தியது’ என்றால் அந்த நூறு அதன் மனதில் எங்கும் பதியாது. போன தீபாவளியே அதற்கு ரொம்பப் பழசு. அந்த வயதுக்குக் காலம் ஆட்கள் வழியாகத்தான் புரியும்: இது அம்மாச்சி காலத்தில், இது அம்மாச்சியின் அம்மா காலத்தில் என்று. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள அட்டையில் ஆண்டு இருக்கும். அம்மாச்சி இருக்க மாட்டார்.

இத்தனைக்கும் அங்கே இருக்கும் பொருட்களில் ஒன்று வீரபாண்டிப் பிள்ளைக்கு நேரடியாகச் சொந்தமான கதையை வைத்திருக்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய ரயிலின் எஞ்சின் சக்கரம் அது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908இல் சிறு ரயிலாக மாறிய அந்தப் பாதை மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக அந்தப் பெட்டிகள் மலைச் சரிவில் கீழே இறங்கின. இறங்கிய இடம் நம் குரங்கணிப் பக்கத்துக் கொட்டகுடி. அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூர். 1924இன் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 2010இன் கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்டு, 2023இல் திரும்பவும் போடிக்கு வந்ததும் அதே வழித்தடம்தான். ஆக, மூணாற்றில் நிற்கும் அந்தச் சக்கரம் உருட்டிவிட்ட சரக்கு நம் மாவட்டத்து மண்ணில்தான் வந்து இறங்கியிருக்கிறது. இதைச் சொல்லாமல் ஒரு தேனிப் பிள்ளையை அந்தச் சக்கரத்தின் முன் நிறுத்திப் படம் எடுத்துக் கூட்டிவருவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. குறை அருங்காட்சியகத்தினுடையது மட்டுமில்லை. புறப்படும் முன் வகுப்பில் குரங்கணியின் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் போதும்.

இதைவிடக் கனமான குறை இன்னொன்று. அங்கே எந்திரங்களும் நிறுவனத்தின் வளர்ச்சியும் பேசும் அளவுக்குக் கொழுந்து பறித்தவர்கள் பேசுவதில்லை. மூணாறு மலைகளில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்திலிருந்து மலையேறிய தமிழர்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 12 வயது நிறையாத குழந்தையைத் தோட்ட வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அதாவது 12 நிறைந்தால் வைக்கலாம். சுற்றுலா வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அந்த வயதுக்கு இரண்டு வருஷம் தள்ளி நிற்கிறது. “உன் அக்கா வயசுப் பிள்ளை இந்த மலையில் கூடை தூக்கியது” என்று சொன்னால் அதற்குப் புரியாதா? புரியும். பயப்படாது, கேள்வி கேட்கும்.

பழம்பொருளாகக் காட்டும்போது அந்தத் தொழிலே முடிந்துபோன மாதிரி ஒரு தோற்றமும் வந்துவிடுகிறது. தோட்டம் முடியவில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் கூலிக்காகவும் போனஸுக்காகவும் தெருவில் உட்கார்ந்தார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தபோது 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லவில்லை. கூட்டிப்போகும் ஆசிரியர் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்கிறேன். நம் வட்டாரத்தில் இது இன்னும் நெருக்கமான விஷயம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், இருட்டிய பிறகு இறங்கும் பெண்கள் எத்தனை பேர்! சுற்றுலாப் பேருந்து ஏறும் போடிமெட்டுப் பாதையும் அவர்கள் நித்தம் ஏறும் பாதைதான். பேருந்தில் இருக்கும் பிள்ளைகளில் சிலரின் அம்மாக்கள் அன்றைக்கும் அந்த மலையில் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்தால், அந்தப் பயணத்தின் வழிகாட்டியே அதுதான்.

வேறிடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். வேல்ஸ் நாட்டில் பிளேனாவன் என்ற ஊரில் பிக் பிட் என்றொரு நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு, 1983இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பூமிக்கடியில் 90 மீட்டர் ஆழத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியவர்கள் முன்பு அங்கே கரி வெட்டியவர்கள். ஒரு மீட்டர் உயரம் வராத குழந்தைகளைக் கீழே இறக்குவதில்லை. எந்த வயதுக்கு எது என்ற தெளிவும், வேலை பார்த்தவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பும் அங்கே சேர்ந்து அமைந்தன. இலங்கையில் ஒப்பீடு இன்னும் கூர்மையாகக் கிடைக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில், எந்திரங்களும் தோட்ட முன்னோடிகளின் நினைவுப் பொருட்களும் அடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. கம்பளைப் பக்கத்திலோ, பீகாக் தோட்டத்தின் பழைய லயன் அறைகளில் தொழிலாளர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. அங்கே அவர்கள் புழங்கிய பாத்திரங்களும் கருவிகளும் பார்வைக்கு இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவாய் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். ஒரு குடும்பம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எப்படி வாழ்ந்தது என்பது பிள்ளைக்கு உடனே விளங்கும். அதுவும் ஒரு வீட்டில் வாழ்கிறது.

மலைப்பாதைக்கு வருவோம். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் சின்னப் பிள்ளைகள் படும் பாடு ஆசிரியர்களுக்குத் தெரியும். எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. வாந்தி எடுத்து வாடிப்போய் இறங்கும் பிள்ளை எந்தச் சக்கரத்தைப் பார்க்கும்? ஒரே நாளில் நாலைந்து இடம் என்ற கணக்கு அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேரத்தைத்தான் மிச்சம் வைக்கும். படகுச் சவாரியையும் சேர்த்துவிட்டால் ஆபத்தும் சேர்கிறது. 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர் இறந்ததை இடுக்கி எல்லையில் வாழும் நாம் மறக்கக் கூடாது. பணம் இன்னொரு பிரச்சினை. பேர் கொடுக்க முடியாத பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் இருப்பார்கள், மறுநாள் வகுப்பில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கல்வி என்ற பெயரில் நடக்கும் ஒரு காரியம் வகுப்பில் பாதிப் பேரை வெளியே நிறுத்துமானால், மற்ற எல்லா நன்மைகளையும் அதற்குப் பிறகுதான் எடைபோட வேண்டும்.

அதனால்தான் ஐந்தாம் வகுப்பு வரை மூணாறு வேண்டாம் என்கிறேன். அதற்குப் பதிலாக எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு முல்லையாற்றில் முங்கி எழாத பிள்ளை இங்கே இல்லை. அந்தத் தண்ணீர் வருவதே ஒரு மாபெரும் பொறியியல் வேலையால். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1887இலிருந்து 1895 வரை எட்டு ஆண்டுகள் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அறுபது ஆண்டுகள் சும்மா விழுந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீர், 1950களின் இறுதியிலிருந்து லோயர்கேம்ப்பில் மின்சாரமும் தருகிறது. மலைச் சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். குழாய்களில் விடாதபோது தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக இரைந்துகொண்டு வரும். பிறகு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று 14,707 ஏக்கர் இருபோக வயல்களை நனைத்துவிட்டு வீரபாண்டித் தடுப்பணையைத் தாண்டி வைகை அணைக்குப் போகிறது. மூணாற்றுப் பெல்டன் சக்கரம் நின்றுகொண்டு சொல்ல முடியாததை இந்த ஆறு ஓடிக்கொண்டே சொல்கிறது: விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் விளக்கை எரிக்கும், அதே தண்ணீர் நெல்லையும் விளைக்கும்.

லோயர்கேம்ப்புக்கு வீரபாண்டியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், வளைவில்லாத கம்பம் சாலை. அங்கே பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கு 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்ட மணிமண்டபம் இருக்கிறது. அணையின் மாதிரியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மின்நிலையத்துக்குள் நினைத்ததும் போய்விட முடியாது, முன்கூட்டியே அனுமதி வேண்டும். ஆற்றங்கரைப் பாடத்திலும் ஆபத்து உண்டு. தடுப்பணையில் உயிர்கள் போயிருக்கின்றன. பாலத்தில் நின்று பார்க்க வேண்டுமே தவிர ஒரு பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

மணிமண்டபத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பென்னிகுயிக் மீது இந்தப் பள்ளத்தாக்கு வைத்திருக்கும் அன்பு உண்மையானது. அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கும் விவசாயிகளைப் பார்த்து நெகிழ்கிறேன். ஆனால் சொந்தச் சொத்தை விற்று அவரே அணையைக் கட்டினார் என்று வகுப்பறையில் சொல்லித்தருவது சரியில்லை. அது சென்னை மாகாண அரசின் பணத்தில் நடந்த பொதுப்பணி. வெள்ளம் வந்து வேலையை அடித்துக்கொண்டு போனபோதும் திரும்பக் கட்டிய அவரது விடாமுயற்சியே போதுமான பெருமை. காய்ச்சலிலும் காலராவிலும் அந்தக் காட்டில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான கூலிகளுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. ஒற்றை நாயகனின் கதை பிள்ளைகளுக்கு எளிது என்பதற்காக மற்றவர்களை மறைத்தால், மூணாற்று அறைகளில் பார்த்த அதே குறையை நாமே லோயர்கேம்ப்பில் செய்தவர்களாவோம்.

ஒரு வருஷத்துக்கு ஒரே பெரிய டூர் என்பதைவிட, மூன்று சிறிய பயணங்கள் மேல். ஒன்று நடந்தே போகிற தூரத்தில் ஆற்றுப்பாலம். ஒன்று ஆண்டிபட்டி சக்கம்பட்டியின் தறிகள், அல்லது போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடம். இரண்டும் இன்னும் ஓடும் தொழில்கள். ஒன்று லோயர்கேம்ப். ஒவ்வொன்றிலும் அந்த வேலையைச் செய்து ஓய்ந்த ஒருவர், யாராவது ஒரு பிள்ளையின் தாத்தாவோ பாட்டியோ, கூட வர வேண்டும். செலவு பேருந்துக் கட்டணத்தோடு முடியும். எல்லாப் பிள்ளைகளும் போகலாம். ஏழு, எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு மூணாறு போகட்டும், போடியிலிருந்து குரங்கணி மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு. அந்த அருங்காட்சியகத்தை நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் நிறுவனத்தின் பங்குதாரர்களில் பெரும்பாலோர் உங்கள் தொழிலாளர்களே. ஓய்வுபெற்ற பெண்களில் சிலரை, தமிழ்ப் பள்ளிகள் வரும் நாட்களிலாவது, கூலி கொடுத்து அந்த எந்திரங்களின் பக்கத்தில் உட்காரவையுங்கள்.