நூற்றுக்கு நூறு பலிக்கும் சகுனம்

கதிரியக்கவியல் கருத்தரங்குகளில் சில ஆண்டுகளாக ஒரு படம் அடிக்கடி திரையேறுகிறது. மூளைக்குள் ஒரு கட்டி. எம்ஆர்ஐயின் டி2 படத்தில் முழுக்க வெள்ளை. பக்கத்தில் அதே கட்டியின் ஃப்ளேர் படம்: நடுப்பகுதி கருத்துவிட்டது, ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கரை. பேச்சாளர் வாய் திறக்குமுன் அவையிலிருந்து பதில் வந்துவிடும்: "மிஸ்மேட்ச் சைன். ஐடிஹெச் மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா." கத்தி வைக்காமல் ஐடிஹெச் என்ற மரபணுவையே படித்துவிட்ட பெருமிதம் முகங்களில் தெரியும். அந்தப் பெருமிதத்தோடுதான் எனக்கு வழக்கு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்ஆர்ஐ குறிகள் கிளி ஜோசியம் அல்ல. சீழ்க்கட்டிக்குள் இருக்கும் கெட்டிச் சீழில் நீர் மூலக்கூறுகள் நகர முடியாமல் திணறுவதை டிஃப்யூஷன் படம் பளிச்சென்று காட்டும். காதுநரம்புக் கட்டிக்குப் பல இடங்களில் திசு எடுக்காமல் படத்தை நம்பியே கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். மிஸ்மேட்சுக்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது: கட்டிக்குள் நுண்ணிய நீர்க்குமிழிகள்; ஃப்ளேர் நீரின் வெளிச்சத்தை அடக்கிவிடுகிறது. இருக்கட்டும்.

2017-ல் வெளியான முதல் ஆய்வில் இந்தக் குறி தெரிந்த கட்டிகள் எல்லாமே அந்த ஒரே வகை. நூற்றுக்கு நூறு. அந்த நூறு எந்தக் கூட்டத்தில் எடுத்த நூறு என்று எத்தனை பேர் கேட்டார்கள்? ஆய்வுக்குள் நுழைந்த ஒவ்வொரு கட்டியும் முன்பே திசு பார்க்கப்பட்டு, தரம் குறைந்த கிளையோமா (மூளையின் தாங்கு செல்களிலிருந்து எழும் கட்டி) என்று சான்றிதழ் வாங்கியது. கிளையோமாக்களுக்குள் இது எந்தக் கிளை என்பதுதான் அங்கே கேள்வி. வலிப்பு வந்து ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரின் கேள்வியோ, இது கட்டிதானா என்பது. பிறகு குழந்தைகளின் படங்களில் தேடியபோது, ஐடிஹெச் மாற்றமே இல்லாத கட்டிகளிலும் அதே கரை தெரிந்தது. ஐடிஹெச் மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமாக்களிலேயே பாதிக்கு மேல் இந்தக் குறியைக் காட்டுவதில்லை.

கணக்கு எளிது. ஒரு குறி உண்மையான நோயில் நூற்றுக்கு 45 முறை தெரிகிறது, மற்றவற்றில் 5 முறை ஏமாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருபவர்களில் பாதிப் பேருக்கு அந்த நோய் இருந்தால், குறி பத்துக்கு ஒன்பது முறை பலிக்கும். நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் இருந்தால், மூன்றுக்கு ஒரு முறைகூடப் பலிக்காது. குறி அதேதான், வாசல் மாறிவிட்டது.

பெயர் வைக்கும் மோகம் இதை இன்னும் கெடுக்கிறது. பட்டாம்பூச்சி, ஐஸ்கிரீம் கோன், பனிமனிதன் (பனிமனிதனை நேரில் பார்த்திராத நம் மாணவர்கள் பிட்யூட்டரியில்தான் முதலில் பார்க்கிறார்கள்). பெயர் வைத்ததும் கண் தேட ஆரம்பித்துவிடும். மூளை உறையில் நீளும் 'டியூரல் டெயில்' மெனிஞ்சியோமா என்ற உறைக்கட்டியின் முத்திரை என்றார்கள். வேறிடத்திலிருந்து பரவிய புற்றும் அதே வாலை ஆட்டியது. மருந்தேற்றியும் ஒளிராத கிளையோமா சாது என்றார்கள். 2021-ன் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில், சில மரபணுக் குறைகள் இருந்தால் ஒளிராததும் கிளையோபிளாஸ்டோமாதான்.

குறி இப்படித்தான் பிறக்க வேண்டுமா? நம் ஊர் ரிப்போர்ட்டில் 'ரிங் என்ஹான்சிங் லீஷன்' என்று எழுதி, கீழே டியூபர்குலோமா (காசநோய்க் கட்டி), நாடாப்புழு லார்வா, புற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கும். சிடி காலத்தில் சின்ன வளையம் தெரிந்தாலே காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவது வழக்கமாக இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் ராஜசேகர், சாண்டி முதலியோர் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது புழுவின் லார்வா. லார்வாவை அடையாளம் காண 1993-ல் அவர்கள் தந்த அளவுகோல்: 20 மில்லிமீட்டருக்கு மிகாத அளவு, ஒழுங்கான விளிம்பு, நடுக்கோடு விலகாமை, கூடவே, நோயாளியிடம் தொடர்ந்து மூளை அழுத்தம் ஏறிய அறிகுறி இல்லாமை. கவர்ச்சியான பெயர் எதுவும் இல்லை. வலிப்போடு வந்தவரிடமிருந்து தொடங்கி, அவரையும் அளவுகோலுக்குள் வைத்தார்கள்.

குறியை மட்டும் வைத்து யார் வைத்தியம் பார்க்கிறார்கள், கடைசியில் பயாப்சி இருக்கிறதே என்பார்கள். பயாப்சிக்கு முன்பே ரிப்போர்ட் குடும்பத்தின் கைக்கு வந்துவிடுகிறது. வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு ஏற்றப்படுகிறது. கட்டி லிம்ஃபோமாவாக இருந்தால் ஊசி போகும்போது அது சுருங்கியிருக்கலாம், திசுவில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். 2024-ல் அமெரிக்காவில் வொராசிடெனிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது, ஐடிஹெச் மாற்றமுள்ள தரம் 2 கட்டிகளுக்கு. பயாப்சியோ அறுவையோ முடிந்தபின் என்ற நிபந்தனையோடு. வெள்ளைக் கரையைப் பார்த்தே சீட்டு எழுதக் கை துறுதுறுக்கும் காலம் வரத்தான் போகிறது.

எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தாலும் கடைசி வரியில் 'நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டில் நோயாளியின் வரலாறு எழுதும் கட்டத்தைப் பாருங்கள்: 'தலைவலி' என்று ஒரே சொல், சில சமயம் அதுவும் இருக்காது.